செவியை அடகு வைத்தல்

ஒரு பாட்டின் கார்டுகள் என்னென்ன என்று தெரிந்துகொள்வது வேறு, அந்தக் கார்டுகளைக் கேட்பது வேறு. முதலாவதை இன்று ஒரு கைப்பேசிச் செயலி சில நொடிகளில் செய்து கொடுத்துவிடுகிறது. இரண்டாவதை எந்தச் செயலியும் யாருக்காகவும் செய்ய முடியாது, நமக்காக இன்னொருவர் சாப்பிட முடியாத மாதிரி. இவ்வளவு எளிய விஷயத்துக்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் இசை சொல்லித்தரும் இடங்களில் இந்த வித்தியாசமே மறந்துகொண்டிருக்கிறது என்பதால் எழுதுகிறேன். பிள்ளைகள் மீது எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. என் சண்டை சக வாத்தியார்களோடுதான்.

இருபது வருஷத்துக்கு மேலாக மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கிறேன். கோபி, தாராபுரம், காங்கேயம், உடுமலை, அந்தியூர் என்று கோயில் நோம்பிக்கும் கல்யாண வரவேற்புக்கும் போகாத ஊர் குறைவு. கச்சேரி இல்லாத மாலைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். முன்பெல்லாம் குழுவுக்குப் புதிதாக வரும் பையன் ஒரு கேசட்டைத் தேயத் தேயக் கேட்டு, நோட்டில் தன் கையெழுத்தில் கார்டு எழுதிக்கொண்டு வருவான். பாதி தப்பாக இருக்கும். ஒத்திகையில் பெரியவர்கள் திட்டித் திருத்துவார்கள். இப்போது வருகிற பையனிடம் நோட்டு இல்லை. ஸ்டாண்டில் போன் செருகியிருக்கிறது. பாட்டைப் போட்டால் கார்டுகள் பெட்டி பெட்டியாக நகர்ந்து வருகின்றன, அதற்கேற்ப விரல் மாறுகிறது.

"இது என்ன கார்டு கண்ணு?"

"எஃப் மைனருங்ணா."

"எப்படித் தெரியும்?"

"அதுல போட்டிருக்குதுங்ணா."

கார்டு சரியாகவே இருக்கலாம். பல சமயம் சரியாகத்தான் இருக்கிறது. என் பிரச்சினை அந்தக் கடைசி வாக்கியம். அதில் பாட்டு இல்லை, காது இல்லை, பேசுகிறவனும் இல்லை. நாளைக்கு அதே இடத்தில் எஃப் மேஜர் என்று போட்டிருந்தால் அதையும் இதே நிம்மதியோடு வாசிப்பான். மேஜருக்கும் மைனருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுரம், அதுவும் அரைக் கட்டை. ஆனால் அந்த அரைக் கட்டையில்தான் ஒரு பாட்டு கல்யாண வீடா இழவு வீடா என்பது முடிவாகிறது.

எதிராளியை மட்டம் தட்டிவிட்டுச் சண்டை போடுவது வீரமில்லை. அதனால் இந்தச் செயலிகள் உள்ளே என்ன செய்கின்றன என்பதை முதலில் நேர்மையாகப் பார்த்துவிடலாம்.

1999இல் தகுயா ஃபுஜிஷிமா என்ற ஜப்பானிய ஆய்வாளர், பதிவான ஒலியிலிருந்து கணினியே கார்டைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றை வெளியிட்டார். பின்னால் வந்த பலவற்றுக்கு அதுதான் அடித்தளம். ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டுவது, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று அளப்பது, பிறகு எல்லா ஸ்தாயிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துப் பன்னிரண்டு பெட்டிகளில் கொட்டுவது. கீழ் ஸ்தாயி ச, மத்திம ச, தார ஸ்தாயி ச மூன்றும் ஒரே பெட்டி. எந்தெந்தப் பெட்டி நிறைந்திருக்கிறது என்று பார்த்து, கையில் உள்ள கார்டு அச்சுகளில் எதோடு அதிகம் பொருந்துகிறதோ அந்தப் பெயரைச் சொல்வது. 2008 முதல் இதற்கென்று ஆய்வாளர்களுக்கு இடையே போட்டியே நடக்கிறது. இப்போது அச்சுகளுக்குப் பதிலாக நரம்பு வலைகள் வந்துவிட்டன. மனிதர்கள் உட்கார்ந்து கார்டு எழுதிவைத்த பாடல்களைக் காட்டி அவற்றைப் பழக்குகிறார்கள். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் கார்டு எழுதிய பீட்டில்ஸின் 180 பாடல்களும், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் அமெரிக்க பில்போர்டு பட்டியலிலிருந்து எடுத்து எழுதிய பாடல்களும் இந்தத் துறையின் பாடப்புத்தகங்கள் மாதிரி.

சும்மா சொல்லக்கூடாது, அபாரமான வேலை. நான் மதிக்கிறேன். ஆனால் செய்முறையைத் தெரிந்துகொண்டவுடனே அதன் ஓட்டைகளும் தெரிந்துவிடுகின்றன. அந்த ஓட்டைகள் சரியாக நம்முடைய இசை இருக்கும் இடத்தில் இருக்கின்றன.

முதலில் அந்த மடிப்பை எடுத்துக்கொள்வோம். ஏ மைனர் செவன்த் என்ற கார்டில் ஏ, சி, இ, ஜி என்று நான்கு சுரங்கள். சி சிக்ஸ்த் என்ற கார்டிலும் அதே நான்குதான். பன்னிரண்டு பெட்டிகளில் கொட்டிவிட்டால் இரண்டும் ஒன்று. ஆனால் காதுக்கு இரண்டும் ஒன்றல்ல. அடியில் பேஸ் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்பதுதான் அது ஏங்குகிறதா, அமர்ந்திருக்கிறதா என்று சொல்லும். பின்னால் வந்த சில கருவிகள் பேஸுக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொண்டன என்பது உண்மைதான். ஆனால் கைப்பேசித் திரையில் பெட்டியாக நகர்ந்து வரும்போது பெரும்பாலும் வெறும் மேஜர், வெறும் மைனர்தான் மிஞ்சுகிறது.

இது லண்டன் பாட்டுக்குச் சின்னக் குறை. நமக்குப் பெரிய குறை. 70களின் கடைசியிலிருந்து 80கள் முழுக்க இளையராஜா பாடல்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அங்கே பேஸ் கிட்டார் கார்டின் அடிச்சுரத்தைத் தட்டிக்கொண்டு சும்மா நிற்பதில்லை. பாடகர் ஒரு பாட்டுப் பாட, அடியில் அது தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும். மேலே வயலின்கள் அசையாமல் நிற்க, கீழே பேஸ் ஒரு படி இறங்கினால் கார்டே மாறிவிடும். 'சிட்டுக்குருவி' (1978) படத்தின் 'என் கண்மணி' பாடலில் இரண்டு குரல் வரிகள் ஒன்றோடொன்று பின்னிப் போகின்றன. அங்கே கார்டு என்பது இரண்டு வரிகள் சந்திக்கும்போது தானாகப் பிறப்பது. அதற்குப் பெயரை மட்டும் எழுதி வைத்துக்கொள்வது, பவானி கூடுதுறையில் நின்றுகொண்டு காவிரி எது, பவானி எது என்று பார்க்காமல் தண்ணீர் எத்தனை அடி என்று மட்டும் குறித்துக்கொண்டு வருவது மாதிரி.

இரண்டாவது ஓட்டை மேற்சுரங்கள். ஒரு தந்தியை ச-வில் மீட்டினால் ச மட்டும் ஒலிப்பதில்லை. அதன் மூன்றாவது மேற்சுரம் ப, ஐந்தாவது மேற்சுரம் அந்தர காந்தாரம். தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்தால் யாரும் மீட்டாத அந்தக் காந்தாரம் தானாகக் கேட்கும். நம் வித்வான்கள் அதற்குச் சுயம்பு காந்தாரம் என்றே பெயர் வைத்தார்கள். இங்கே யோசித்துப் பாருங்கள். ச, க, ப மூன்றும் சேர்ந்தால் மேஜர் கார்டு. ஒற்றைத் தந்திக்குள் ஒரு மேஜர் கார்டின் நிழல் இருக்கிறது. பெட்டியில் கொட்டி எண்ணுகிற கருவிக்கு நிழலையும் ஆளையும் பிரிப்பது பெரிய பாடு, அதற்கென்றே தனிக் கணக்குகள் போடுகிறார்கள். பழகிய காது அதே காந்தாரத்தைக் கேட்டு, இது வாசித்த சுரமில்லை, தானாகப் பிறந்தது என்று சொல்லிவிடும்.

மூன்றாவது ராகம். சரளி வரிசையில் எல்லோரும் தொடங்கும் மாயாமாளவகௌளையையே எடுத்துக்கொள்வோம். சி-யை ச ஆக வைத்தால், ப-வின் மேல் கட்டும் கார்டுக்குக் கிடைக்கும் சுரங்கள் ப, நி, சுத்த ரிஷபம். ஜி மேஜருக்கு வேண்டியது டி. இந்த ராகத்தில் இருப்பது அதற்கு அரைக் கட்டை கீழே. ஆக, மேற்கத்திய பாப் பாடல்களில் நிமிஷத்துக்கு ஒருமுறை வரும் ஜி-யிலிருந்து சி-க்குத் திரும்பும் அந்த நடை, இந்த ராகத்துக்குள் அப்படியே கிடையாது. 'தேவர் மகன்' (1992) படத்தின் 'மாசறு பொன்னே' மாதிரி ஒரு பாட்டுக்குத் துணை வாசிக்கும்போது, எந்தச் சுரத்தைத் தொடாமல் விடுவது என்பதுதான் வித்தையே. பீட்டில்ஸையும் பில்போர்டையும் படித்து வளர்ந்த கருவி சந்தேகம் வரும்போது தான் அதிகம் பார்த்த பக்கம்தான் சாயும். அதைக் குறை சொல்ல முடியாது, அது படித்த பள்ளிக்கூடம் அப்படி. அதை அப்படியே நம்பி ஜி மேஜரை அமுக்கும் பையனுக்கு, பாடகி பிடித்திருக்கும் ரிஷபத்தோடு தன் விரல் முட்டுவது கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அதற்குப் பொறுப்பு செயலி எழுதியவரா, சொல்லிக்கொடுத்த நாமா?

நம்மூரில் உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடுகிறார்கள். விடிய விடியப் போகும் அந்தப் பாட்டில் கார்டு என்கிற சங்கதியே இல்லை. அதைப் பதிவு செய்து கொடுத்தாலும் கருவி பெரும்பாலும் ஏதாவது கார்டுகளைப் போட்டுத் தந்துவிடும். கேட்டது என்ன என்று தெரியாமல் பதில் மட்டும் சொல்லத் தெரிந்த மாணவனை நாம் எந்த வகுப்பிலும் மெச்சுவதில்லை.

இந்த இடத்தில் விவரம் தெரிந்த நண்பர்கள் ஒரு ஆயுதத்தை எடுப்பார்கள். "மனுசங்க மட்டும் ஒத்துப்போறாங்களா?" என்பார்கள். நியாயமான கேள்வி. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் தேர்ந்த நான்கு பேரிடம் 50 பாடல்களைக் கொடுத்துத் தனித்தனியாகக் கார்டு எழுதச் சொன்னார்கள். வெறும் மேஜர், மைனர் என்று பார்த்தாலே அவர்கள் சராசரியாக 73 சதவீதம்தான் ஒத்துப்போனார்கள். நுணுக்கமான கார்டுகளில் அது 54 சதவீதமாக இறங்கியது. நிபுணர்களுக்குள்ளேயே இவ்வளவு பேதம் இருக்கும்போது இயந்திரம் சொல்வதை ஏற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிட்டது என்பது அவர்கள் வாதம்.

எனக்கு அந்த ஆய்வு நேர் எதிரானதைச் சொல்கிறது. நான்கு பேர் வேறு வேறாக எழுதினார்கள் என்றால் நான்கு பேரும் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒருவர் பேஸைப் பிடித்தார், ஒருவர் பாடகரின் சுரத்தையும் கார்டில் சேர்த்துக்கொண்டார், ஒருவர் அதை அலங்காரம் என்று விட்டுவிட்டார் என்று காரணம் பேசலாம். ஒருவரை ஒருவர் மாற்றலாம். 1964இல் வந்த பீட்டில்ஸின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' பாட்டு ஒரே ஒரு கார்டின் ஓங்கிய அடியோடு தொடங்கும். அந்த ஒரு அடியில் என்னென்ன சுரங்கள் என்று உலகம் முழுக்கக் கிட்டார்காரர்கள் பல பத்தாண்டுகள் அடித்துக்கொண்டார்கள். 2004இல் கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரவுன் கணக்குப் போட்டுப் பிரித்து, உள்ளே ஒரு பியானோவும் ஒளிந்திருக்கிறது என்றார். வாதம் முடிந்ததா? இல்லை. அவருடைய கணக்கில் வந்த சுரங்களையும் காதால் கேட்டுப் பார்த்து மறுத்தவர்கள் இருக்கிறார்கள். கணக்கு அங்கே வாதத்துக்குள் இன்னொரு ஆளாக வந்து உட்கார்ந்தது. அது அழகு. நம் வகுப்பறைகளில் அது வாதத்தை முடித்துவைக்க வருகிறது. பையனுக்கு வாதம் என்று ஒன்று இருந்ததே தெரியாது.

பீட்டில்ஸுக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. அவர்களுடைய பாடல்கள் எல்லாம் வாத்தியம் வாத்தியமாகச் சுரப்படுத்தப்பட்டுத் தடித்த புத்தகமாக அச்சில் கிடைக்கின்றன. செயலி தப்பாகச் சொன்னால் புத்தகத்தைப் புரட்டலாம். நமக்கு எந்தப் புத்தகம்? இளையராஜா ஸ்டுடியோவில் உட்கார்ந்து தாளில் நேரடியாக எழுதி வாத்தியக்காரர்களுக்குக் கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அந்தத் தாள்களை ஒப்பணக்கார வீதியில் போய் வாங்க முடியாது. எம்.எஸ்.வி.யின் பாடல்களுக்கும் அதே கதி. நம் திரையிசைக்கு மிஞ்சியிருப்பவை இரண்டே ஏடுகள். ஒன்று ஒலிப்பதிவு. இன்னொன்று, அதைக் காதால் கேட்டு எழுதி, மேடையில் ஆயிரம் முறை வாசித்துத் திருத்திய வாத்தியக்காரர்களின் நினைவு.

இந்த இரண்டாவது ஏட்டைத்தான் நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். செயலி கொடுத்ததை ஒருவர் இணையத்தில் போடுகிறார். இன்னொருவர் அதை எடுத்து 'ஒரிஜினல் கார்ட்ஸ்' என்று தலைப்பு மாற்றிப் போடுகிறார். அடுத்த பையன் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்து, சரியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்கிறான். நாளைக்கு வரும் கருவி இதையும் படித்துத்தான் பழகும் என்றால் தப்புக்குச் சாட்சி சொல்லத் தப்பே வந்து நிற்கும். புத்தகம் இருக்கிற ஊரில் செயலி ஒரு குறுக்குவழி. புத்தகம் இல்லாத ஊரில் செயலியே புத்தகமாகிவிடும். நான் பதறுவது இதற்காகத்தான். பன்னிரண்டு பெட்டிக்குள் அடங்கியது மட்டும்தான் நம் பாட்டு என்று இன்னும் முப்பது வருஷத்தில் ஆகிவிடக்கூடாது.

காதால் கற்பது கோவைக்குப் புதிதில்லை. சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. 1947இல் எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த 'ராஜகுமாரி' அங்கேதான் உருவானது, இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு. படமெடுத்த ஜூபிடர் நிறுவனத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் சுப்பையா நாயுடுவின் ஒத்திகை அறையைச் சுற்றிக்கொண்டிருந்தான். பின்னால் அவன்தான் எம்.எஸ்.விஸ்வநாதன். கர்நாடக சங்கீதம் சிறுவயதில் முறையாகக் கற்றவர் அவர். ஆனால் மெட்டும் வாத்தியங்களும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பது அந்த அறையில் கேட்டுக் கேட்டுச் சேர்ந்த சொத்து. அங்கே யாரும் பெட்டி பெட்டியாக நகர்த்திக் காட்டவில்லை.

மேடையில் இது எப்படிப் பிழைப்புக்கே வந்து நிற்கும் என்று சொல்கிறேன். தாராபுரம் பக்கம் ஒரு நோம்பி. நடுராத்திரியில் ஊர்ப் பெரியவர் ஒருவர் மேடையேறி, "நானும் ஒரு பாட்டுப் பாடறனுங்க" என்று மைக்கை வாங்கிவிட்டார். சுருதி கேட்கவில்லை, என்ன பாட்டு என்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு எம்.எஸ்.வி. பாட்டை எடுத்துவிட்டார். அவர் எடுத்தது இரண்டு கட்டையும் இல்லை, இரண்டரையும் இல்லை, நடுவில். இன்னொரு கீபோர்டில் இருந்த இளைஞன் போனில் பாட்டைத் தேடி எடுத்துவிட்டான். கார்டுகள் வரிசையாக நிற்கின்றன, ஆனால் படத்தில் பாடிய சுருதியில். அவன் கை அப்படியே நின்றுபோனது. எங்கள் பேஸ் கிட்டார்காரருக்கு அறுபது தாண்டிவிட்டது, நொட்டேஷன் தெரியாது. அவர் பெரியவரின் வாயைப் பார்த்துக்கொண்டு ஒரு தந்தியை மெல்லத் தொட்டுப் பார்த்தார், முறுக்காணியை இம்மி திருகினார், இரண்டாவது வரியில் வந்து சேர்ந்துகொண்டார். அவரைப் பிடித்துக்கொண்டு மற்ற நாங்கள் சேர்ந்தோம். கீழே இறங்கும்போது பெரியவர் சொன்னார்: "நல்லாப் புடிச்சுட்டு வந்தீங்க போங்க." பிடித்துக்கொண்டு வருவது! எங்கள் தொழிலுக்கு இதைவிடச் சரியான பெயர் கிடையாது.

இனி மறுப்புகள். கால்குலேட்டர் வந்த பிறகு யாரும் வாய்ப்பாடு சொல்வதில்லையே என்பார்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதைக் கால்குலேட்டர் சொன்னாலும் நான் சொன்னாலும் அதே ஐம்பத்தாறுதான். கார்டு அப்படிப்பட்ட விடையில்லை என்பதை மேலே பார்த்துவிட்டோம். அதோடு, கணக்குப் பிள்ளைக்கு விடைதான் வேலை. வாத்தியக்காரனுக்குக் கேட்பதுதான் வேலை. வேலையையே இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால் நமக்கு மேடையில் என்ன இடம்? மைனஸ் ஒன் ட்ராக் போட்டுப் பாட்டுக்காரர் மட்டும் நின்று பாடும் கல்யாணங்கள் ஏற்கெனவே பெருகிவிட்டன. ட்ராக்கை விட நாம் ஒன்றே ஒன்றில்தான் உசத்தி: பாடுகிறவரைக் கேட்போம். அதையும் விட்டுக்கொடுத்தால் அமைப்பாளர் நம்மைக் கூப்பிடக் காரணமே இல்லை.

காது என்பது பிறவி வரம், எல்லோருக்கும் வராது என்பார்கள். தம்புரா இல்லாமலே இது இத்தனை கட்டை என்று சொல்லிவிடும் காது அபூர்வம்தான். நான் கேட்பது அதையல்ல. ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரம் எவ்வளவு தூரம் என்று தெரிகிற காது. அது பழக்கத்தால் வருவது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாம் காலம் காலமாக அதைத்தான் பழக்குகின்றன.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டும் வீட்டுப் பையன் ஒருவன் என்னிடம் வருகிறான். வருவதற்கு முன்பே நாற்பது ஐம்பது பாட்டு வாசிப்பான், எல்லாம் செயலியைப் பார்த்து. "வாத்தியார் வெச்சுப் படிக்கக் காசில்லீங்ணா. போனுதான் இருந்துச்சு" என்றான். காதுப் பயிற்சி என்பது ஆர்.எஸ்.புரத்தில் வீட்டுக்கே பியானோ வாத்தியார் வரும் பிள்ளைகளின் சொகுசு, ஏழைப் பிள்ளையிடமிருந்து செயலியைப் பிடுங்குவது மேட்டிமைத்தனம் என்று ஒருவர் சொன்னால் நான் அவசரப்பட்டுப் பதில் சொல்ல மாட்டேன். அந்தச் செயலி அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். கொட்டகையில் எட்டுத் தறி ஒரே நேரத்தில் ஓடும்போது ஒன்றில் நாடா சரியாகப் போகவில்லை என்றால் எப்படித் தெரியும்? "சத்தம் மாறுமுங்ணா. எந்தத் தறின்னு திரும்பிப் பாக்காமயே தெரியுமுங்." பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காத அந்த இரைச்சலில் எட்டில் ஒன்றின் மாற்றத்தைப் பிரித்தெடுக்கும் காது அது. நாலு சுரத்தில் ஒரு சுரம் அசைவது அந்தக் காதுக்கு எம்மாத்திரம்? பீளமேட்டுப் பட்டறைகளில் ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டாரில் வைத்துப் பிடியைக் காதில் வைத்து, பேரிங் போய்விட்டது என்று சொல்கிறார்களே, அதுவும் இதே காதுதான். இந்த ஊரில் உழைக்கிற வீடுகளில் காது ஏற்கெனவே பழகித்தான் இருக்கிறது. இருப்பதிலேயே காசில்லாத கருவி அதுதான். ஏழைப் பையனிடம் போய் உன் காது ஆகாது, மாதச் சந்தா கட்டிச் செயலியைப் பார் என்பதுதான் மேட்டிமைத்தனம்.

நான் மென்பொருளுக்கு எதிரி இல்லை. மென்பொருளில் இரண்டு சாதி உண்டு: காதுக்கு வேலை கொடுப்பது, காதின் வேலையைப் பிடுங்குவது. பாட்டைச் சுருதி மாறாமல் மெதுவாக ஓட்டுவது, நாலு நொடியைத் திரும்பத் திரும்பப் போடுவது, குரலையும் பேஸையும் டிரம்ஸையும் தனித்தனியாகப் பிரித்துத் தருவது எல்லாம் முதல் சாதி. டீசர் நிறுவனம் 2019இல் இலவசமாக வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் வந்த பிறகு, கேசட் காலத்தில் கனவிலும் நினைக்காதபடி ஒரு பழைய பாட்டின் பேஸை மட்டும் கேட்க முடிகிறது. அது மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப் மாதிரி, கேட்பது இன்னும் நாம்தான். கார்டின் பெயரைத் திரையில் காட்டுவது இரண்டாவது சாதி. அதையும் பார்க்கலாம், கடைசியில் பார்க்கலாம்.

நான் வகுப்பில் வைத்திருக்கும் வரிசை இதுதான். முதலில் பாட்டில் பேஸை மட்டும் பிடி. வாத்தியத்தில் தொடாதே, வாயால் பாடு. பாட முடிந்த பிறகு ஒரு விரலால் வாசி. அப்புறம் அதன்மேல் மேஜரா மைனரா என்று சிரித்த முகமா சுண்டிய முகமா என்கிற அளவில் முடிவு செய். பொருந்தாத இடத்தில் வட்டம் போட்டு வை. எல்லாவற்றையும் உன் கையெழுத்தில் எழுது. அதன் பிறகு செயலியைத் திற. ஒத்துப்போன இடத்தை விட்டுவிடு, ஒத்துப்போகாத இடத்தில் அதோடு சண்டை போடு. முதல் மாதம் ஒரு பாட்டுக்கு ஒரு வாரம் ஆகும். ஆகட்டும். ஆறு மாதத்தில் ஒரு மாலையில் முடியும்.

"பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கு கிரேடு வேண்டும்" என்று என் நண்பர்கள் சொல்வார்கள். கிரேடையே பார்ப்போம். டிரினிட்டி தேர்வில் ஐந்தாம் கிரேடு வரை நான்கு துணைத் தேர்வுகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம். காதுத் தேர்வு அந்த நான்கில் ஒன்று. ஏ.பி.ஆர்.எஸ்.எம். 2020இல் கொண்டுவந்த செயல்திறன் கிரேடுகளில் காதுத் தேர்வு கிடையாது. ஆக, காதைச் சோதிக்காமலே சுவரில் சான்றிதழ் மாட்ட வழி இருக்கிறது. அவர்கள் வழியைத்தான் திறந்து வைத்தார்கள், காதுத் தேர்வை எடு என்றோ விடு என்றோ யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. காதுத் தேர்வு சொல்லிக்கொடுக்கக் கஷ்டம், மார்க்கு போகும் என்று அதை ஒதுக்கிவைப்பது நாம்.

தமிழில் கேட்பது என்றால் செவி கொடுப்பது, வினவுவது இரண்டும்தான். கேள்வி என்ற பெயரில் வள்ளுவர் வைத்த அதிகாரம் செவியைப் பற்றியது. ஒரே சொல்லில் இரண்டையும் வைத்திருக்கும் மொழிக்காரர்களுக்கு, செவி கொடுக்காதவன் வினவவும் மாட்டான் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. "அதுல போட்டிருக்குதுங்ணா" என்ற பதிலில் இரண்டும் இல்லை.

சக வாத்தியார்களிடம் நான் கேட்பது மூன்று. சேர்ந்த முதல் வருஷம் கார்டு காட்டும் செயலி வகுப்புக்குள் வரக்கூடாது. தேர்வில் காதுத் தேர்வு விருப்பப் பாடமாக இருந்தால் அதைத்தான் எடுக்கவைக்க வேண்டும். மூன்றாவது கொஞ்சம் அவசரம். நம் பகுதியில் ஒவ்வொரு பழைய மெல்லிசைக் குழுவிலும் அட்டை கிழிந்த ஒரு நோட்டு இருக்கிறது. அதில் அடித்தல் திருத்தலோடு, பக்க ஓரத்தில் 'இங்கே பேஸ் இறங்குது' என்று எழுதிய குறிப்போடு, ஐம்பது வருஷத்துப் பாட்டு இருக்கிறது. எழுதியவர்களுக்கு வயதாகிறது, சிலர் போய்விட்டார்கள், வீட்டில் பழைய பேப்பரோடு எடைக்குப் போடுகிறார்கள். உங்கள் மாணவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கு அனுப்புங்கள். நோட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு வரட்டும். போன் அதற்கு நன்றாகவே உதவும்.